வயலுக்கு மார்க்கு

அமெரிக்க ஐக்கிய நாட்டில் பயிர்களுக்கு வாராவாரம் மார்க்குப் போடுகிறார்கள் என்று சொன்னால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆனால் விஷயம் உண்மையே. ஏப்ரல் முதல் நவம்பர் வரை திங்கட்கிழமைதோறும் அந்நாட்டு விவசாய இலாகா ஓர் அறிக்கை வெளியிடுகிறது. வயல்களைச் சுற்றிப் பார்ப்பவர்கள் மிக மோசம், மோசம், சுமார், நன்று, மிக நன்று என்று ஐந்து படிகளில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதியனுப்ப, சர்க்கார் அவற்றைத் தொகுத்துச் சொல்லுகிறது. தராசும் இல்லை, மரக்காலும் இல்லை, கண் மதிப்புத்தான். விடைத்தாள் திருத்திக் காலங்கழிக்கும் நமக்கு இம்முறையின் பலமும் தெரியும், பலவீனமும் தெரியும்.

2012-ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். ஐயோவா, இல்லினாய், இந்தியானா முதலிய மத்திய மேற்கு மாகாணங்களில் மக்காச்சோளமும் சோயாவுமே பிரதான வெள்ளாமை. பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. அவ்வருஷம் மே மாத நடுவில் மக்காச்சோளத்தில் நூற்றுக்கு 77 பங்கு 'நன்று' அல்லது அதற்கு மேல் என்றார்கள். ஆகஸ்டுத் தொடக்கத்தில் அது 23 ஆயிற்று! மழை பொய்த்து, வெயில் கொளுத்திவிட்டது.

ஆகஸ்டு இறுதியில் 'ஐஸக்' என்ற புயலின் மிச்சம் மிஸௌரி, இல்லினாய் பக்கம் வந்து பெய்தது. மழை ஒன்று, பலன் இரண்டு. மக்காச்சோளத்தின் தலைவிதி ஜூலையிலேயே தீர்ந்துவிடுகிறது. கதிர் நுனியில் தொங்கும் பட்டிழை ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி. அனலில் இழை உலர்ந்து மகரந்தம் சேராமற் போனால் அந்த மணி இல்லை. பிறகு வருண பகவான் எத்தனை கருணை புரிந்தும் பயனில்லை. சோயாவோ பொறுமைசாலி. வாரக்கணக்கில் பூத்துக்கொண்டேயிருக்கும், வறட்சியில் பூவையும் பிஞ்சையும் உதிர்த்துவிட்டு, ஈரம் கண்டதும் மறுபடி முயலும். அதன் காயில் பருப்புப் பிடிப்பது ஆகஸ்டில்தான். ஆகவே ஏக்கருக்கு 36 புஷல் என்று அம்மாதம் மதிப்பிடப்பட்ட சோயா முடிவில் சுமார் 40 கண்டது. வசந்தத்தில் 166 புஷல் எதிர்பார்த்த மக்காச்சோளம் 123-இல் நின்றுவிட்டது.

சிகாகோ சந்தையில் மக்காச்சோளம் புஷல் 8 டாலரைத் தாண்டிற்று. சமையலெண்ணெயில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வாங்கும் நமக்கு அச்சந்தையின் சோயா விலையும் அயலார் விஷயமன்று.

பயிரிட்டவர்களிற் பெரும்பாலோர் இன்ஷூரன்ஸ் செய்திருந்தபடியால் தப்பினார்கள். நம் அநுதாபமெல்லாம் அந்தச் சோளத்தை விலைக்கு வாங்கி மாடு வளர்த்தவர்களிடமே செல்கிறது. அவர்களுக்கு அறிக்கையில் மார்க்கும் இல்லை, ஈடும் பெரிதாக இல்லை. தீனி கட்டாமல் மந்தையை விற்றார்கள். முந்திய வருஷம் டெக்ஸாஸைச் சுட்ட வறட்சியும் சேர்ந்துகொள்ள, 2014 ஜனவரியில் கணக்கெடுத்தபோது அந்நாட்டு மாடுகளின் தொகை 1951-க்குப் பின் என்றுமில்லாத அளவுக்குக் குறைந்திருந்தது.