தூய ப்ளூஸ் எந்த ஊரில் இருந்தது?

பாடகரும் கிட்டார் கலைஞருமான ராபர்ட் க்ரே ப்ளூஸ்காரரே அல்லர், ஜாஸையும் சோல் இசையையும் ஊற்றி ப்ளூஸை நீர்க்கச் செய்தவர் என்கிறது சென்ற இதழில் வந்த கட்டுரை. 'தூய்மை' என்ற சொல் அதில் பத்திக்குப் பத்தி வருகிறது. அந்தத் தூய்மை எந்த ஆண்டில், எந்த ஊரில் இருந்தது என்று மட்டும் ஓரிடத்திலும் இல்லை. இருந்திருந்தால்தானே சொல்ல முடியும்?

க்ரேயை அடிக்கக் கட்டுரையாளர் கையில் எடுத்த தடி ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங். 1967இல் வந்த 'பார்ன் அண்டர் எ பேட் சைன்' ஆல்பம்தான் அவருக்கு அசலின் உரைகல். அது மெம்பிஸ் நகரில் ஸ்டாக்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் உருவானது. ஓட்டிஸ் ரெட்டிங் பாடிய அதே சோல் கூடம். தலைப்புப் பாட்டை எழுதிய இருவரில் வில்லியம் பெல் சோல் பாடகர். மற்றவர் புக்கர் டி ஜோன்ஸ், ஸ்டாக்ஸின் ஆஸ்தானக் குழுத் தலைவர். அந்தக் குழுதான் கிங்குக்குப் பின்னால் வாசித்தது. ட்ரம்பெட் ஊதியவர் வேய்ன் ஜாக்சன், சாக்ஸபோன் ஆண்ட்ரூ லவ். 1986இல் க்ரேயின் 'ஸ்ட்ராங் பர்சுவேடர்' ஆல்பத்தில் ஊதியவர்கள் யார்? அதே ஜாக்சன், அதே லவ். கிங்குக்கு ஊதினால் அசல், க்ரேக்கு ஊதினால் கலப்படமா? ஆல்பத்தின் உறையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒரு கலைஞரின் வாழ்நாள் உழைப்புக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்.

ஜாஸ் பற்றிய புகார் இன்னும் பலவீனம். 1925இல் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' பாடியபோது பக்கத்தில் கார்னெட் வாசித்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனிடம் தான் பெற்றதை பி.பி. கிங் மறைத்ததே இல்லை. ப்ளூஸும் ஜாஸும் ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகள்.

க்ரேயின் எல்லா ஆல்பமும் ஒரே தரம் என்று வாதிட நான் வரவில்லை. என்னைக் கோபப்படுத்துவது வேறு. கரகரத்த குரல், கிழிந்த சட்டை, ஒற்றைக் கிட்டார் இருந்தால்தான் கறுப்பர் ஒருவரின் வலியை நம்புவேன் என்கிற பிடிவாதம் அது. அதற்கும் வயதாகிவிட்டது. 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி அரங்கில் பிக் பில் ப்ரூன்சியை ஆர்கன்சாஸ் வயற்காட்டு உழவராக மேடையேற்றினார்கள். அவரோ பல ஆண்டுகளாகச் சிகாகோவில் வாழ்ந்து, பியானோவோடும் டிரம்ஸோடும் இசைத்தட்டுகள் வெளியிட்டுக்கொண்டிருந்த நகரத்துக் கலைஞர். அன்று ப்ரூன்சிக்கு மாட்டிய வேடத்தைத்தான் இன்று க்ரேயிடம் நீட்டுகிறார் நம் கட்டுரையாளர்.

க்ரேயின் குரல் வழுவழுப்பானது, அதில் வலி இல்லை என்பது கடைசிக் குற்றச்சாட்டு. 'ரைட் நெக்ஸ்ட் டோர்' பாட்டைக் கேட்டாரா? சுவருக்கு அப்பால் ஒரு ஜோடி சண்டையிட்டுப் பிரிகிறது. இந்தப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பவன்தான் அந்தப் பிரிவுக்குக் காரணம். அவள் அவனுக்கு இன்னொரு வெற்றி, அவ்வளவுதான். அவன் கத்துவதில்லை, கதவைத் தட்டி உண்மையைச் சொல்வதும் இல்லை. குரல் கடைசிவரை சீராக, அழகாகப் போகிறது. அந்த அழகு உறுத்தத் தொடங்கும்போது அவனுடைய குற்றம் முழுதாகத் தெரிகிறது. அவன் அலறியிருந்தால் நாம் அவனை மன்னித்திருப்போம்.