பாட்டு யார் வீட்டில் இருக்கிறது?

பெரியப்பா போன ஆவணியில் இறந்தார். காரியமெல்லாம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது புத்தகங்கள் ஊர் நூலகத்துக்கு என்று முடிவானது. இரண்டு செருப்புப் பெட்டி நிறைய இருந்த கேசட்டுகள் என்னிடம் வந்தன. மொத்தம் 43. டிடிகே, சோனி, மெல்ட்ராக். ஒவ்வொன்றின் அட்டையிலும் நீல மையில் அவர் கையெழுத்து: படம், பாடியவர், எழுதியவர். எழுதியவர் பெயர் தெரியாத இடத்தில் சின்னதாக ஒரு கோடு. அந்தக் கோடுகள் சிலவற்றின் மேல், பிற்பாடு எப்போதோ தெரிந்துகொண்டு, வேறு மையில் பெயரை எழுதியிருக்கிறார்.

கடைசி ஐந்தாறு ஆண்டுகளாக அவர் கேசட் போடவில்லை. டேப் ரெக்கார்டரின் பெல்ட் அறுந்துபோய், ரிப்பேருக்கு ஆள் கிடைக்கவில்லை. மகள் செல்போனில் ஒரு செயலியை ஏற்றிச் சந்தாவும் கட்டிக் கொடுத்தாள். குழந்தையைப் போலச் சந்தோஷப்பட்டார். கேட்டு முப்பது வருஷமான பாட்டுகளை எல்லாம் தேடித் தேடிச் சேர்த்தார், இருநூறைத் தாண்டிவிட்டது என்றார். ஒருநாள் சாயங்காலம் கூப்பிட்டார். "ஏம்ப்பா, நான் சேத்து வச்சதுல பதினோரு பாட்டு மங்கிப்போய்க் கெடக்கு. தொட்டா பாட மாட்டேங்குது." கம்பெனிக்கும் செயலிக்கும் உரிம ஒப்பந்தம் முடிந்திருக்கும் பெரியப்பா, திரும்ப வந்தாலும் வரும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான் சேத்து வச்சேன்னு சொன்னேனே, அது என்னது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது அந்தச் செல்போனின் பூட்டு எண்ணும் எங்களில் யாருக்கும் தெரியவில்லை. 1985இல் பெரியப்பா என்ன கேட்டார் என்று என்னால் சொல்ல முடியும், கேசட் இருக்கிறது. கடைசி ஆண்டில் என்ன கேட்டார் என்று சொல்ல முடியாது.

செயலிகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நானும் மாதாமாதம் பணம் கட்டுகிறவன்தான். ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் சென்டர் இருந்த காலத்தைப் பொற்காலமாக்கவும் எனக்கு மனமில்லை. கோடு போட்ட தாளில் பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுப்போம், இரண்டு நாள் கழித்துப் போனால் அறுபது நிமிட நாடாவில் பன்னிரண்டு பாட்டு ஏற்றித் தருவார்கள். அதில் இசையமைத்தவருக்கோ பாட்டெழுதியவருக்கோ ஒரு காசு போனதில்லை. அது சட்டப்படி குற்றம், தர்மப்படியும் அவர்களுக்குச் செய்த அநியாயம். 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான் திரைப்பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தங்கள் ராயல்டியை ஒரே கையெழுத்தில் இழந்துவிடாதபடி ஒரு காப்பு வந்தது. செயலி வழியாகக் கணக்கில் வருகிற பணம் அவர்களுக்கு ஓரளவாவது போய்ச் சேரும் என்றால் அது நல்ல காரியம்.

ஆனால் அந்தக் குற்றத்திலும் ஒன்று நடந்தது. பாட்டு ஜனங்களின் வீட்டுக்குள் வந்து தங்கியது. நான் கவலைப்படுவது அந்தத் தங்கலைப் பற்றி.

ஸ்பாட்டிஃபை என்ற பாட்டுச் செயலி 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. இரண்டே மாதத்தில் சரிகம நிறுவனம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது, சரிகமவின் பாட்டுகள் செயலியிலிருந்து எடுக்கப்பட்டன. சரிகம என்றால் பழைய எச்.எம்.வி. நம் வீடுகளில் நாய் படம் போட்ட தட்டுகளில் சுற்றிக்கொண்டிருந்தவை பெரும்பாலும் அவர்களுடையவை. 2020 ஜூனில் இருவரும் சமாதானமாகி ஒப்பந்தம் போட்டபோது பாட்டுகள் திரும்பின. இடையில் ஓராண்டுக்கு மேல். அந்த ஓராண்டில் ஒரு வீட்டில் எச்.எம்.வி. தட்டு இருந்திருந்தால் அதற்கு ஒன்றும் ஆகியிருக்காது. கம்பெனிகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும், அது அவர்கள் வியாபாரம். சண்டை நடக்கிற நாளில் நம் வீட்டுப் பாட்டு நிற்கிறது என்பதுதான் புதிது.

கடையே இல்லாமல் போவதும் உண்டு. ரெஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் தன் செயலியான விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. அவற்றில் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் பட்டியலை நினைத்துப் பார்க்கிறேன். இதற்கு நேர் எதிரான ஒரு சம்பவமும் இருக்கிறது. ஃபிளிப்கார்ட் 2012இல் ஃபிளைட் என்ற பெயரில் பாட்டு விற்கும் கடை ஒன்று திறந்தது. பூட்டில்லாத எம்பி3 கோப்பாகவே கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே கடையை மூடிவிட்டார்கள். அங்கே வாங்கி இறக்கி வைத்துக்கொண்டவர்களின் பாட்டு இன்றைக்கும் பாடும். கடை செத்தும் சரக்கு சாகவில்லை.

தங்கியிருப்பதில் இன்னொரு விஷயமும் உண்டு. 2022இல் அமெரிக்கப் பாடகி பியான்சே 'ரெனசான்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். ஒரு பாட்டில் இருந்த சொல் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் அதை மாற்றினார். மாற்றியது சரி. ஆனால் செயலிகளில் பழைய வடிவத்தின் இடத்திலேயே புதியது வந்து உட்கார்ந்துகொண்டது. முதலில் அச்சான தட்டை வாங்கியவரிடம்தான் பழையது இருக்கிறது. நாளைக்கு ஒரு சொல்லை நல்ல காரணம் இல்லாமல் எடுத்தாலும் இதே வழிதான். முதல் பதிப்பையும் இரண்டாம் பதிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாட பேதம் பார்க்கிற நமக்கு இதன் கனம் புரியும்.

கம்பெனிகள் பத்திரமாக வைத்திருக்குமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். 2008 ஜூன் 1ஆம் தேதி ஹாலிவுட்டில் யுனிவர்சல் வளாகத்தில் நடந்த தீ விபத்தில் மூல ஒலிநாடாக்கள் எரிந்தன. எரிந்தவற்றின் வீச்சு வெளியே தெரிய 2019 ஆயிற்று. அதே 2019இல்தான் மைஸ்பேஸ் என்ற இணையதளம், 2003 முதல் 2015 வரை ஆட்கள் ஏற்றி வைத்திருந்த பாட்டுகள் சர்வர் மாற்றியபோது போய்விட்டன என்று ஒப்புக்கொண்டது. ஐந்து கோடிக்கு மேல் என்றார்கள்.

நம் பக்கத்துக் கதையைப் பாருங்கள். 1930களில் ஓடியன் என்ற ஜெர்மானிய முத்திரையில் சென்னையிலும் மும்பையிலும் ஏராளமாகப் பதிவுசெய்தார்கள். அரக்குத் தட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். அந்த மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தை மடித்து வைத்துப் பாடிய வித்வான்களின் குரல் நமக்கு எப்படி வந்தது? கம்பெனி வைத்திருந்து தரவில்லை. யாரோ ஒரு வக்கீல், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு மளிகைக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கி, பரணில் போட்டு, பிள்ளைகள் அதை எடைக்குப் போடாமல் விட்டதால் வந்தது. மும்பையில் இருக்கும் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் அப்படிப்பட்ட தட்டுகளைச் சேகரிப்பாளர்களிடமிருந்து திரட்டி, பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தில் ஓடியன், யங் இந்தியா முத்திரைகளை எண்ணியல் வடிவுக்கு மாற்றியது. சிற்றிதழ்களின் கதையும் இதுதான் என்று இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருநூறு பிரதி அடித்த பத்திரிகையின் மூன்றாம் இதழ் எங்கோ ஒரு வாசகரின் பெட்டியில்தான் கிடைக்கிறது.

யாழ்ப்பாணத்தில் 1990களின் முற்பாதியில், பொருளாதாரத் தடையில் மின்சாரம் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுழற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பாட்டுக் கேட்டார்கள். ஒருவர் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள், கை ஓய்ந்தால் பாட்டும் இழுபடும். அனுமதி கேட்க ஆளில்லாத, இணைப்புத் தேவைப்படாத ஒரு நாடா வீட்டில் இருந்ததால் அது நடந்தது.

பாட்டை வீட்டில் வைத்துக்கொள்ளும் ஆசை செத்துவிடவில்லை என்பதற்குச் சாட்சியும் உண்டு. சரிகம 2017இல் பழைய ரேடியோ தோற்றத்தில் கார்வான் என்ற பெட்டியை 5,000 பாட்டு நிரப்பி விற்றது, தமிழிலும் வந்தது. பையன்கள் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். என்ன, அதிலிருந்து ஒரு பாட்டைத் தனியே உருவி இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது. கொடுக்க முடிவதுதான் எனக்கு முக்கியம். வாங்கிய தட்டை நான் தங்கைக்குத் தரலாம், பழைய கடையில் விற்கலாம். எண்ணியல் கோப்பை அப்படி மறுவிற்பனை செய்ய முடியாது என்று அமெரிக்காவில் ரீடிஜி வழக்கில் 2013இலும், மேல்முறையீட்டில் 2018இலும் தீர்ப்பாகிவிட்டது. கலிபோர்னியாவில் 2025 முதல் ஒரு சட்டம்: உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு 'வாங்கு' என்று பொத்தான் வைக்கிற கடை, இது உரிமம்தான் என்று வாங்குகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெரியப்பாவின் கேள்விக்குக் கிடைத்த ஒரே நேர்மையான பதில் அதுதான்.

தமிழில் தனியாக இசை செய்கிற இளைஞர்களிடம் இந்த இதழ் ஒன்று கேட்கிறது. செயலியில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஓராண்டில் ஆயிரம் முறைகூட ஒலிக்காத பாட்டுக்கு 2024 முதல் ஸ்பாட்டிஃபை பணம் தருவதில்லை. உங்களை விரும்பிக் கேட்கிறவர்கள் முந்நூறு பேர் என்றால் அந்த முந்நூறு பேரிடம் கோப்பாக விற்றுப் பாருங்கள். பேண்ட்கேம்ப் போன்ற இடங்களில் விலையின் பெரும்பகுதி உங்களுக்கே வரும். எழுதியவர், வாசித்தவர் பெயர்களைக் கோப்போடு சேர்த்துக் கொடுங்கள். வாசகர்களே, வாங்குங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள், வீட்டில் ஒருவருக்காவது எங்கே இருக்கிறதென்று சொல்லி வையுங்கள்.

பெரியப்பாவின் கேசட்டுகளை இப்போது கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். இதற்குக் குறுக்கு வழி கிடையாது, அறுபது நிமிட நாடாவுக்கு அறுபது நிமிடம் உட்கார வேண்டும். சிலவற்றில் பூஞ்சை பிடித்திருக்கிறது. பஞ்சால் துடைத்து, பென்சிலை விட்டுச் சுற்றி, பிறகு போடுகிறேன். பன்னிரண்டு முடிந்தது. பதின்மூன்றாவதில், இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. ரெக்கார்டிங் சென்டர்க்காரருக்கு நாடா போதவில்லை. சின்ன வயதில் பெரியப்பா வீட்டுத் திண்ணையில் அந்தப் பாட்டை நான் அந்த இடம்வரைதான் கேட்டிருக்கிறேன், அதற்குப் பிறகு டக்கென்று பொத்தான் மேலே எழும்பும் சத்தம். முழுப் பாட்டும் செயலியில் இருக்கிறது, எடுத்து ஒட்டிவிடலாம் என்றான் மகன். வேண்டாம் என்று சொல்லி, அந்த டக் வரைக்கும் பதிந்துகொண்டேன்.