தன்னை மறக்கச் சொல்லும் கல்வி

மத்திய அமெரிக்க நாடாகிய குவாத்தமாலாவில், 2018ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 42 பேர் மாயர். 56 பேர் லதீனோக்கள். லதீனோ என்பது குருதிவழிப் பெயரன்று. ஸ்பானிய மொழியையும் மேனாட்டு உடையையும் மேற்கொண்டு, தம்மை மாயரல்லர் என்று கொள்வோரையே அது குறிக்கும். ஆகவே தாய்மொழியையும் மரபுடையையும் துறந்த மாயர்குல இளைஞன் காலப்போக்கில் லதீனோவாகி விடலாம். இம்மாற்றத்துக்கு நெடுங்காலம் வாயிலாக நின்றது பள்ளிக்கூடமே.

1960 முதல் 1996 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில், அடையாளங் காணப்பட்டோருள் நூற்றுக்கு 83 பேர் மாயர் என உண்மை ஆணைக்குழு 1999இல் அறிவித்தது. போருக்குப்பின், 2003இல், மாயர்மொழிகள் 22உம் தேசிய மொழிகளென்னும் தகுதியைச் சட்டத்திற் பெற்றன. எனினும் அரசகரும மொழி ஸ்பானியமே. இருமொழிப் போதனையும் பெரும்பாலும் கீழ்வகுப்புகளோடு நின்றுவிடுகின்றது.

இருமொழிக் கல்வி நடைமுறையிற் பெரும்பாலும் மாயரோடு நின்றுவிடுவதே குறை என்பது என் கருத்து. லதீனோச் சிறுவனும் அயலானின் மொழியைக் கற்றாலன்றி இழிவுணர்ச்சி நீங்காது. வறிய லதீனோ இளைஞனும் பிழைப்புத் தேடி வடக்கே அமெரிக்காவுக்குப் புறப்படுபவனே. ‘நான் மாயனல்லன்’ என்ற பெருமை அவன் பசியைத் தீர்ப்பதில்லை. தன்னை மறந்தாலன்றிக் கற்றவனாக முடியாதெனின், அதனைக் கல்வியென்பது எங்ஙனம்?