“அவங்க ஆளு”

போன ஜூலை 7 அன்று, சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இரட்டைமலை சீனிவாசன் படத்தைப் போட்டேன். அவர் பிறந்த நாள். உடனே ஒரு பதில்: “மாப்ள, அவரு அவங்க ஆளு. நமக்கெதுக்கு?” பக்கத்தில் ஒரு கும்பிடு எமோஜி.

நமக்கெதுக்கா? எங்கள் கீழக்குயில்குடிக்கு வருகிறவர்கள் சமணர் மலையையும் தாமரைக் குளத்தையும் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். 1914இல் மதுரைக் கள்ளர்களில் குற்றப் பரம்பரைச் சட்டம் முதலில் பாய்ந்தது இந்த ஊர்க்காரர்கள் மீது. பிறந்த சாதியே குற்றம். ஆம்பளைங்க பேரேட்டில் கைரேகை வைக்கணும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேணும். ஒரு சாதிப் பெயரை வைத்தே மனுசனை நசுக்க முடியும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சீனிவாசன் அந்தப் பெயரையே கையில் எடுத்தார். 1891இல் பறையர் மகாஜன சபை. 1893இல் பத்திரிகை, அதன் பெயரே ‘பறையன்’. வசவாக எறியப்பட்ட சொல்லைத் தலைப்பில் அச்சடித்துக் கடையில் விற்றார். (அவருடைய மைத்துனர் அயோத்திதாசருக்கு இந்தப் பெயரில் உடன்பாடில்லை. அது இன்னொரு கட்டுரைக்கான சண்டை.) இதற்கு நூறு வருசம் முன்னால் பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் என்ற கறுப்பர் இதைத்தான் செய்தார். வெள்ளையர் லாட்ஜுகள் சேர்த்துக்கொள்ளவில்லை. 1784இல் லண்டனிலிருந்து அனுமதிப் பட்டயம் வாங்கித் தனி லாட்ஜ் கண்டார். அதற்கு அவர் வைத்த பெயர் ‘ஆப்பிரிக்கன் லாட்ஜ்’. இங்கே சங்கம் வைத்த ஐடி பசங்க பிரின்ஸ் ஹாலைக் கொண்டாடுவார்கள். சீனிவாசன் என்றால் மட்டும் இன்ஷியலைத் தேடுவார்கள்.

மாலை போடுகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனார் என்று ஒரு வரி, அப்புறம் போட்டோ. அவர் பத்திரிகையின் பெயரை மேடையில் வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். சொல்லக் கூசும் பெயருக்கு எதற்கு அய்யா அவ்வளவு பெரிய மாலை?

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானம் பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம் எல்லாம் எல்லா வகுப்பாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. ‘எங்கள் ஆட்களுக்கு மட்டும்’ என்று அவர் எழுதவில்லை. அதே 1924இல் நம்ம தாத்தா சீட்டில்லாமல் ஊர் எல்லை தாண்ட முடியாது. கைரேகை வச்சவரோட பேரன்தான் இன்னைக்கு இன்னொருத்தரை “அவங்க ஆளு”ங்கிறான்.

மாப்ள, வர்ற ஜூலையிலும் அதே படம் வரும். குரூப்பை விட்டுத் தூக்கணும்னா தூக்கிக்கோ. அந்தக் கும்பிடை மட்டும் போடாதே.