இரைச்சலை அடக்குமுன் அதைக் கேட்க வேண்டும்

அமெரிக்காவில் தம் கையாலேயே விமானம் கட்டுவோர் சிலர், வானொலியில் இரைச்சல் எழுந்ததும் வடிகட்டி வாங்க விரைகின்றனர். நோய்நாடாமல் மருந்து தேடும் செயல் இது.

விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில், வீச்சுப் பண்பேற்ற முறையில் நிகழ்கிறது. இருவர் ஒருசேரப் பேசினாலும் மோதல் காதுக்குத் தெரிந்துவிடும் என்பது இம்முறையின் நன்மை. இரைச்சல் எளிதில் புகுவது இதன் குறை.

ஆயினும் இரைச்சல் தன் பிறப்பிடத்தைத் தானே சொல்லும். எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறி இறங்கும் கீச்சொலி ஆல்டர்னேட்டரைச் சுட்டும். சீரான இடைவெளியில் எழும் துடிப்பு, மின்னி அணையும் ஸ்ட்ரோப் விளக்கைச் சுட்டும். கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் ஐயம் தீரும்.

பெரும்பாலும் குற்றம் கிரவுண்ட் இணைப்பில் இருக்கும். ஹெட்செட் செருகுமிடம் விமானத்தின் உலோக உடலைத் தொட்டால், மின்சாரம் திரும்ப இரண்டு வழிகள் உண்டாகி, கீச்சொலி காதில் விழும். அங்கே மின்கடத்தா வாஷர் ஒன்று போதும். விலையுயர்ந்த வடிகட்டி வேண்டியதில்லை.

கோபுரம் சொல்லும் ஓடுபாதை எண்ணைத் தவறாகக் கேட்பது உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு கம்பியையும் தானே இழுத்தவருக்கு அதன் வழி தெரியும். அந்த அறிவே முதல் கருவி. வடிகட்டி கடைசிக் கருவி.