அகலத்துக்கு எண் உண்டு, விறைப்புக்கு?

சீசன் தொடங்கியதும் ஸ்கீ பட்டறைக்கு வரும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இடுப்பு எத்தனை மில்லிமீட்டர்?" 108 என்றால் யோசிப்பார்கள், 118 என்றால் முகம் மலர்ந்துவிடும். பெரிய மலையில், ஆழமான பொடிப்பனியில், வேகமாக இறங்க நினைப்பவர் அகலத்தைக் கேட்பதில் பிழையில்லை. அதோடு பேச்சு முடிந்துவிடுவதுதான் பிழை. நீளம், மூக்கு, இடுப்பு, வால் அகலங்கள், திருப்ப ஆரம் எல்லாம் ஸ்கீயின் மேலேயே அச்சாகியிருக்கின்றன. விறைப்புக்கு அப்படி ஓர் எண் இல்லை. பத்துக்கு எட்டு, ஒன்பது என்று சில நிறுவனங்கள் போடுகிற மதிப்பெண் அவரவர் பலகைகளுக்குள் ஒப்பிட மட்டுமே உதவும். ஒருவருடைய எட்டு இன்னொருவருக்கு ஆறாக இருக்கலாம்.

பொடிப்பனிக்கு நெகிழ்வான பலகைதான் ஏற்றது என்பது ஒரு காலத்தில் சரியான பாடம். குறுகலான பழைய ஸ்கீ மிதக்க வேண்டுமானால் அதன் மூக்கு வளைந்து மேலெழ வேண்டும். அதற்கு நெகிழ்வு தேவைப்பட்டது. 1980-களின் இறுதியில் அட்டாமிக் நிறுவனத்தின் ரூபர்ட் ஹூபர் பவுடர் பிளஸ் என்ற அகல ஸ்கீயைக் கொண்டுவந்தபோது பலகையின் பரப்பு கூடியது. ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கி இன்னும் ஒரு படி போனார். பொடிப்பனியில் நிற்கும்போது ஸ்கீ எப்படியும் வயிறு தள்ளி வளைகிறது, அந்த வடிவிலேயே செய்துவிட்டால் என்ன என்று கேட்டார். 2002-இல் வோலன்ட் வெளியிட்ட ஸ்பேட்டுலா அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது. மூக்கு மேல்நோக்கி வளைந்து நிற்கும் இன்றைய ராக்கர் வடிவங்களெல்லாம் அதன் வழி வந்தவை. ராக்கர் தந்த மிதப்பை நாம் கொண்டாடினோம். அதன் மறுபக்கத்தை அவ்வளவாகக் கவனிக்கவில்லை: மூக்கு ஏற்கெனவே தூக்கி நிற்பதால் அதை எழுப்ப நெகிழ்வு வேண்டியதில்லை. ஆகவே மிதப்பைப் பற்றிக் கவலைப்படாமல் விறைப்பைத் தேர்ந்தெடுக்கலாம்.

அப்படியானால் விறைப்பு எதற்கு? பொடிப்பனிக்காக அல்ல. யாரும் தொடாத பனியில் நிதானமாக இறங்குபவருக்கு நெகிழ்வான அகலப் பலகை தருகிற சுகமே தனி. பொடிப்பனி முடிகிற இடத்தில்தான் விறைப்புக்கு வேலை தொடங்குகிறது. அலாஸ்காவில் வால்டீஸை ஒட்டிய சூகாச் மலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1991-இல் முதல் உலக எக்ஸ்ட்ரீம் ஸ்கீ சாம்பியன்ஷிப்பை டக் கூம்ப்ஸ் வென்ற இடம். கடலோர ஈரப்பனி அங்கே 45, 50 பாகைச் சரிவுகளிலும் ஒட்டி நிற்கும். இறங்குபவர் கிளப்பிவிட்ட மேற்பனி அவரையே துரத்தி வரும். அதை முந்த வேண்டுமென்றால் திருப்பங்களைக் குறைத்து வேகத்தைக் கூட்ட வேண்டும். அதே வேகத்தோடு அடிவாரத்தில் பழைய பனிச்சரிவின் கட்டிகள் மீதும் காற்றடித்து இறுகிய மேடுகள் மீதும் ஓடி முடிக்க வேண்டும். நெகிழ்வான மூக்கு அங்கே மடங்கும். பாறையிலிருந்து குதித்து இறங்கினால் நெகிழ்வான வால் மடங்கி, ஆளை உட்கார வைத்துவிடும்.

அலாஸ்கா வரை போக வேண்டாம். குல்மார்க்கில் கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் அஃபர்வாத் மலையில் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. பனி பெய்து ஓய்ந்த மறுநாள் காலை மேலே பட்டுப்போன்ற பொடி. நண்பகலுக்குள் நூறு பேர் உழுதுவிடுவார்கள். கீழே வரவர வெயிலில் நனைந்து மீண்டும் உறைந்த பனி. காலையில் வாங்கியவரைப் புகழவைத்த பலகை மதியம் தடதடவென்று ஆடும்.

விறைப்பு எங்கிருந்து வருகிறது என்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல இரண்டு வாக்கியம் போதும். மற்றவை மாறாதிருந்தால், விறைப்பு அகலத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது. தடிமனின் மூன்றாம் அடுக்கோடு கூடுகிறது. அகலம் 10 சதவீதம் கூடினால் விறைப்பும் 10 சதவீதம். தடிமன் 10 சதவீதம் கூடினால் விறைப்பு 33 சதவீதம். ஆக, 118 என்று அச்சிட்ட இரண்டு பலகைகள் இரண்டு வேறு மிருகங்களாக இருப்பதில் வியப்பில்லை. அதோடு எடையையும் பார்க்க வேண்டும். டைட்டனல் தகடு விறைப்போடு கனத்தையும் கொடுத்து அதிர்வை அடக்குகிறது. கார்பன் கனமில்லாமல் விறைப்பைத் தரும். ஆனால் உழுத பனியில் அந்த இலேசான பலகை பந்தாடப்படும். மேலேறிப் போக வேண்டியவருக்கு அதில் நியாயம் உண்டு. கொண்டோலாவிலோ ஹெலிகாப்டரிலோ ஏறுபவருக்கு 190 செ.மீ. நீளத்தில் ஒரு பலகை 2,200 கிராமுக்குக் கீழே இருந்தால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாலைத் தரையில் ஊன்றி, இடது கையில் மூக்கைப் பிடித்து, வலது உள்ளங்கையால் நடுவில் அமுக்கி, "நல்ல கட்டை" என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கத்தை இனி விட்டுவிடலாம். அந்த அமுக்கலில் வாலின் விறைப்பு தனியாகத் தெரியாது, முறுக்கு விறைப்பு சுத்தமாகத் தெரியாது. கனடாவின் ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்திலிருந்து கிளம்பிய ஸூத்ஸ்கீ குழு வளைவு விறைப்பு, முறுக்கு விறைப்பு இரண்டையும் பலகையின் நீளவாக்கில் அளந்து காட்டுகிறது. நம் பட்டறையில் அவ்வளவு வேண்டாம். பைண்டிங் வரும் இடத்தை மேசையில் கவ்வியால் இறுக்கி, மூக்குப் பக்கம் ஒரே தூரத்தில் 5 கிலோவைத் தொங்கவிட்டு, எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். பிறகு வால் பக்கமும் அப்படியே. இரண்டு எண்களையும் சீட்டில் எழுதி ஒட்டினால், ஒரு சீசனுக்குள் கையில் ஒரு அட்டவணை சேர்ந்துவிடும்.

இந்த எண்களைப் பார்க்கும்போது வால் பக்க எண்ணுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுங்கள். பின்னால் சாய்ந்து ஓட்டும் பழக்கமுள்ளவரை விறைத்த வால் மன்னிக்காது, எங்கோ இழுத்துக்கொண்டு போகும். எடை 60 கிலோ இருப்பவரிடம் 95 கிலோ ஆளுக்கான பலகையைத் தள்ளிவிடுவதும் கூடாது. முதுகுப்பையோடு சேர்த்து எடையைக் கேளுங்கள். முடிந்தால் அவர் இறங்குகிற காணொளி ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். வேகத்தைப் பொறுத்தவரை எல்லோரும் தம்மைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

முழங்காலையும் மறக்க வேண்டாம். 118 மி.மீ. இடுப்பில் விளிம்பு பூட்டின் நடுக்கோட்டிலிருந்து 59 மி.மீ. தள்ளியிருக்கிறது, 66 மி.மீ. பந்தயப் பலகையில் 33 மட்டுமே. இறுகிய பனியில் விளிம்பு போடும்போது அந்தத் தூரத்தின் நெம்புவிசை முழங்காலுக்குத்தான் போகிறது.

கடைசியாக பைண்டிங். பிரேக் அகலம் இடுப்பைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விறைத்த பலகை வாங்கியவர் "விடுவிப்பு அளவையும் ஏற்றிவிடுங்கள்" என்று கேட்கும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். ஐஎஸ்ஓ 11088 அட்டவணை எடை, உயரம், வயது, ஓட்டும் வகை, பூட் அடி நீளம் ஆகியவற்றைக் கேட்கிறது. ஸ்கீயின் அகலத்துக்கோ விறைப்புக்கோ அதில் கட்டமே கிடையாது. பழைய பலகையில் அவருக்கு 9 என்று வந்திருந்தால், ஆளும் பூட்டும் ஓட்டும் வகையும் மாறாதவரை, புதியதிலும் 9-தான்.