சம்பளம் இல்லாத எழுத்துக்கும் மரியாதை உண்டு

சென்ற மாதம் நம் சங்க நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்ததை அன்பர்கள் பலர் பார்த்திருப்பீர்கள். "வீடியோ கேம் பற்றி எழுத ஆட்கள் தேவை. அனுபவம் வேண்டாம். சம்பளம் கிடையாது" என்று அதில் கண்டிருந்தது. நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் மூவர், எந்த நிறுவனத்தையும் சாராமல் ஒரு சிறு இதழ் தொடங்கியிருக்கிறார்கள். அதற்கான அழைப்பு அது.

ஒரே வாரத்தில் இரண்டு ஆட்சேபணைகள் வந்துவிட்டன. "படிப்பைக் கெடுக்கும் சமாசாரத்துக்குச் சங்கம் இடம் கொடுக்கலாமா?" என்றார் ஒரு பெரியவர். "கூலி கொடுக்காமல் வேலை வாங்குவதற்குப் பெயர் சுரண்டல்" என்றார் தொழிற்சங்கத்தில் ஊறிய என் நண்பர். தாளைக் கிழித்துவிடலாமா என்று நிர்வாகக் குழுவில் பேச்சு எழுந்தது. கிழிக்க வேண்டாம், திருத்தி எழுதச் சொல்லுங்கள் என்பது என் கட்சி.

முதல் ஆட்சேபணையை எடுத்துக்கொள்வோம். நானும் வீடியோ கேம் என்றால் சுட்டுத்தள்ளுவது என்றே நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளைகளில் ஒருவன்தான் 'வெண்பா' என்ற விளையாட்டை எனக்குக் காட்டினான். கனடாவின் டொரண்டோ நகரத்தில் உருவாகி 2023ல் வெளிவந்தது. 1980களில் கனடாவில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை. அதில் வரும் முதல் புதிர்களில் ஒன்று, இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது! 2024ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வழங்கியது. மகன் தாய்மொழியை விட்டு விலகிப்போவதைப் பார்த்துத் தாய் தவிப்பதை, ஊரை விட்டு வந்து நாற்பது வருடமாகி, இப்போது நாகபுரியில் வாழும் நான் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்? இதைப் பற்றி எழுத நம் வீட்டுப் பிள்ளைகளைவிடப் பொருத்தமானவர் யார்?

இன்னொரு நாள் ஒரு ரயில் ஓட்டும் விளையாட்டைக் காட்டினான். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயில், டவுன் பஸ் மாதிரி சட்டென்று நின்றது. நிறைந்த ரயிலை அந்த வேகத்திலிருந்து நிறுத்த அரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டுமே என்றேன். "மாமா, இதை ஒரு விமரிசனத்திலும் யாரும் எழுதல. நீங்களே எழுதுங்களேன்" என்றான். முப்பத்தைந்து வருடம் ரயில் பாதைப் பராமரிப்பில் இருந்தவன் நான். நான் படித்தது டிப்ளமா. டிராலியில் போய் நான் பார்த்ததைவிட, தினமும் பாதையில் நடக்கும் கீமேன் அதிகம் பார்த்திருப்பார். எந்தத் துறையிலும் நடந்து பார்த்தவரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆகவே "அனுபவம் வேண்டாம்" என்பது தவறு. "உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்" என்றல்லவா இருக்க வேண்டும்?

இரண்டாவது ஆட்சேபணை கனமானது. ஒரு விளையாட்டை முடிக்க முப்பது மணி நேரம்கூட ஆகும். நம் கணக்கில் ஏறக்குறைய நான்கு ஷிப்ட். அதற்கு மேல் எழுதும் நேரம். இதை இலவசமாகக் கேட்பது நியாயமா?

இரண்டு வகையும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அறிவியல் கதை ரசிகர்களின் கையச்சு இதழ்களில் காசில்லாமல் எழுதிப் பழகிய பில் கங்கல், ஆர்னி காட்ஸ், ஜாய்ஸ் வொர்லி ஆகியோர்தான் 1981ல் 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார்கள். அந்த நாட்டில் இத்துறைக்கென்று வந்த முதல் பத்திரிகை அது. நம் மொழியிலும் சி. சு. செல்லப்பா 1959ல் தொடங்கிய 'எழுத்து' போன்ற சிற்றிதழ்கள் சன்மானத்தால் வளரவில்லை.

மறுபக்கமும் உண்டு. 'ஹஃபிங்டன் போஸ்ட்' என்ற இணையச் செய்தி நிறுவனத்திற்குப் பலர் ஊதியமின்றி எழுதிவந்தார்கள். 2011ல் அது முப்பத்தொன்றரைக் கோடி டாலருக்கு விற்கப்பட்டது. எழுதியவர்களுக்கு அதில் பங்கில்லை. அவர்கள் சார்பில் தொடரப்பட்ட வழக்கும் 2012ல் தள்ளுபடியானது. ஊதியம் இல்லை என்று தெரிந்துதானே எழுதினார்கள் என்பது நீதிமன்றத்தின் வாதம். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். மனச்சாட்சிப்படி சரியா?

சரி, சம்பளம் கொடுக்கும் பெரிய இடங்களிலேயே எழுதட்டுமே என்றால், அங்கே வேறு சங்கடம். 2007ல் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற அமெரிக்க விமரிசகர், தம் தளத்தில் பெரிதாக விளம்பரம் செய்யப்பட்ட ஒரு விளையாட்டுக்குக் குறைந்த மதிப்பெண் கொடுத்தார். வேலை போயிற்று. விளம்பரதாரர் நெருக்கடியே காரணம் என்று 2012ல் அவரே விளக்கினார். யாருக்கும் கட்டுப்படாத சிறு இதழ் இதனால்தான் தேவைப்படுகிறது.

எனவே கேள்வி சம்பளம் உண்டா இல்லையா என்பதோடு முடிவதில்லை. காசு கொடுக்க முடியாதவர் வேறு எதைக் கொடுக்கிறார் என்பதே கேள்வி. இதைச் சொல்ல எனக்கு அருகதை வந்தது ஒரு தவற்றினால்.

1990களில் வேறோர் ஊரில் வேலை பார்த்தபோது அங்கிருந்த தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலர் என் பொறுப்பில் இருந்தது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்திருந்த ஒரு பெண், ரயில்வே குவார்ட்டர்ஸில் தண்ணீர் பிடிக்கும் வரிசையைப் பற்றி ஆறு பக்கம் எழுதிக் கொடுத்தார். இடமில்லை என்று நான் இரண்டு பக்கமாக வெட்டினேன். முடிவையும் மாற்றினேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயரில் இனிஷியல் தப்பு. போதாக்குறைக்கு, தம் எழுத்து வந்த மலரை அவர் பத்து ரூபாய் கொடுத்து வாங்கிப் போனார். மறு வருடம் கட்டுரை கேட்கப் போனேன். "வேலை சரியா இருக்கு சார்" என்றார், சிரித்துக்கொண்டே. அதன்பின் அவர் எழுதி நான் பார்க்கவில்லை. காசு தராததால் அவர் விலகவில்லை. நான் மதிக்காததால் விலகினார். இது புரிய எனக்குப் பல வருடங்கள் ஆயின.

ஆகையால் அந்தப் பிள்ளைகளிடம் சில நிபந்தனைகள் சொன்னேன். இதழுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நாளை லாபம் வந்தால் எழுதுபவருக்கும் பங்கு. வந்த கட்டுரைக்குப் பதினைந்து நாளில் பதில். எழுதியவரிடம் காட்டாமல் ஒரு வரியையும் வெட்டக் கூடாது. எழுத்தின் உரிமை எழுதியவருக்கே. பரீட்சை மாதங்களில் யாரையும் நெருக்கக் கூடாது. நிறுவனம் இலவசமாகக் கொடுத்த விளையாட்டு என்றால் அதை வாசகருக்குச் சொல்லியாக வேண்டும்.

"இவ்வளவு இருக்கா மாமா?" என்று தலையைச் சொறிந்தார்கள். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இவை அனைத்தும் அடங்கிய புதுத் தாள் பலகையில் ஏறிவிட்டது. பிரேக் விஷயத்தை எழுதித் தர நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. நீங்கள் இப்போது வாசிக்கும் இந்த இதழுக்கு எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். நாங்களும் சம்பளம் வாங்குவதில்லை. எங்களுக்குப் பிறகு இதை யார் நடத்துவது என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் கவலைப்படுகிறோம். எழுத ஆசைப்பட்டு மூன்று பேர் தாங்களாகவே நம் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். அவர்கள் ஒட்டிய தாளைக் கிழித்துவிட்டு, இளைஞர்கள் சங்கத்துக்கு வருவதில்லை என்று நாம் புலம்புவதில் அர்த்தம் உண்டா?